பைல் நாட்டுக்குச் செய்தி போகும் வழி



நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலை இருக்கிறது. மலையடியிலுள்ள காரவள்ளியில் பேருந்து ஏறினால், 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போகலாம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1000 மீட்டர் முதல் 1300 மீட்டர் வரை உயரமுள்ள மேட்டு நிலம் அது. அங்குள்ள ஊராட்சிகளின் பெயர்களைக் கேட்டால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு, பைல் நாடு என்று வரிசையாக வரும். "ஒரே மலையில் இத்தனை நாடுகளா?" என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா?

அடுத்து, "இங்கே வாழ்பவர்கள் யார்?" என்று கேட்டால், "மலையாளிகள்" என்று விடை வரும். உடனே நீங்கள் கேரளத்தை நினைத்துக் கொள்வீர்கள். ஆனால் கொல்லிமலையின் மலையாளிகள் தமிழ் பேசும் பழங்குடி மக்கள். மலையில் வாழ்பவர், மலையை ஆள்பவர் என்ற பொருளில் அமைந்த பெயர் அது. "நாடு" என்பதும் அப்படித்தான். இந்தியா ஒரு நாடு, ஜப்பான் ஒரு நாடு என்று நாம் இன்று வழங்கும் பொருள் பிற்காலத்தது. சில ஊர்கள் சேர்ந்த ஒரு வட்டாரத்தைச் சோழர் காலக் கல்வெட்டுகள் நாடு என்றே குறிக்கின்றன. அந்தப் பழைய பொருளை மலை இன்றும் காப்பாற்றி வைத்திருக்கிறது.

பாருங்கள், இரண்டே சொற்கள்தாம். இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்கள். உங்கள் காதில் தெளிவாகவே விழுந்தன. ஆயினும் சொன்னவர் நினைத்த பொருள் உங்களிடம் வந்து சேரவில்லை. இது ஏன் என்று ஆராய்வதற்கென்றே ஓர் அறிவுத்துறை இருக்கிறது. அதனைத் தகவல் தொடர்பியல் என்பர். உலகின் பல பல்கலைக்கழகங்களில் இதற்குத் தனித்துறைகள் உள்ளன. இயற்பியலும், மொழியியலும், சமூகவியலும், உளவியலும் சந்திக்கும் இடம் இது. பைல் நாட்டை நம் ஆய்வுக்கூடமாகக் கொண்டு இத்துறையின் அடிப்படைகளை இம்மாதம் அறிவோம்.

மூன்று கேள்விகள்

1948-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கிளாட் ஷானன் என்ற கணித அறிஞர், செய்தித் தொடர்பு பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். தொலைபேசிக் கம்பியில் செய்தியை எப்படிச் சிதையாமல் அனுப்புவது என்பதே அவர் எடுத்துக்கொண்ட சிக்கல். செய்தியை அனுப்புபவர், அதை ஏற்றிச் செல்லும் தடம், பெற்றுக்கொள்பவர், இடையில் புகுந்து கெடுக்கும் இரைச்சல் ஆகியவற்றை அவர் கணித முறையில் விளக்கினார்.

அடுத்த ஆண்டில் வாரன் வீவர் என்ற அறிஞர் ஷானனின் கருத்தை விரித்து எழுதினார். எந்தச் செய்தித் தொடர்பிலும் மூன்று படிகளில் சிக்கல் எழும் என்றார் அவர்.

முதலாவது: அனுப்பிய குறிகள் பிழையின்றி வந்து சேர்ந்தனவா?

இரண்டாவது: அனுப்பியவர் கருதிய பொருள் வந்து சேர்ந்ததா?

மூன்றாவது: செய்தியைப் பெற்றவரின் நடத்தையில் அது ஏதேனும் விளைவை உண்டாக்கியதா?

ஒரு சிறு எடுத்துக்காட்டு. உங்கள் தாயார் அடுக்களையிலிருந்து, "விளக்கை அணை" என்று சொல்கிறார். வெளியே மழை கொட்டுகிறது; உங்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை. இது முதற்படிச் சிக்கல். மழை நின்றபின் மீண்டும் சொல்கிறார், நன்றாகக் கேட்கிறது. ஆனால் எந்த விளக்கை என்று புரியவில்லை. இது இரண்டாம் படி. கடைசியில் எல்லாம் புரிந்துவிட்டது. ஆயினும் நீங்கள் கதைப்புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருக்கவில்லை. இது மூன்றாம் படி! முதற்படி பொறியியல் வல்லுநரின் வேலை. இரண்டாம் படி மொழியியலாரின் வேலை. மூன்றாம் படி சமூகவியலாரின் வேலை என்று சொல்லலாம். இனி ஒவ்வொரு படியாக மலை ஏறுவோம்.

முதற்படி: அலைகள் மலையேறுதல்

திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் தொடங்கப்பட்டது. கொல்லிமலைக்கு அது நேர்க்கோட்டில் 60, 70 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. மலைப்பாதைகள் செப்பனிடப்படாத காலத்திலும் திருச்சியின் குரல் மலைமேல் கேட்டது. எவ்வாறு?

அந்நிலையம் நீண்ட காலம் ஒலிபரப்பிய மத்திய அலையின் அதிர்வெண் 936 கிலோஹெர்ட்ஸ். வானொலி அலையின் வேகத்தை (நொடிக்கு 30 கோடி மீட்டர்) அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும் என்று உங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். 30,00,00,000-ஐ 9,36,000-ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 320 மீட்டர் வரும். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே ஒரு தெருவின் நீளம்!

அலை ஒரு தடையின் விளிம்பைத் தொடும்போது சற்று வளைந்து மறுபுறம் செல்லும். இதற்கு விளிம்பு விளைவு என்று பெயர். அலைநீளம் கூடக்கூட இந்த வளைவும் கூடும். ஆகவே 320 மீட்டர் நீளமுள்ள அலை மலைமுகட்டை ஒட்டி வளைந்து, பின்புறப் பள்ளத்திலும் ஓரளவு இறங்கிவிடும். பண்பலை வானொலி 100 மெகாஹெர்ட்ஸ் அளவில் இயங்குகிறது. அதன் அலைநீளம் 3 மீட்டர்தான். 900 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் கைப்பேசி அலைக்கு நீளம் மூன்றில் ஒரு மீட்டர். இவை அவ்வளவாக வளைவதில்லை. ஏறத்தாழ நேர்க்கோட்டிலேயே செல்கின்றன. கோபுரத்துக்கும் கருவிக்கும் இடையே ஒரு குன்று நின்றுவிட்டால், குன்றின் நிழலில் உள்ளவர்க்கு அலை கிடைப்பது அரிது.

கொல்லிமலையின் மேற்பரப்பு மேசைபோல் சமமானதன்று. மேடும் மடுவும் மாறி மாறி வரும். முகட்டின் ஒருபுறம் நிற்பவருக்குக் கைப்பேசி பேசும். மறுபுறம் இறங்கினால் ஊமையாகிவிடும். மலையூர் மாணவர் கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு பாறைமேல் ஏறி நிற்பது விளையாட்டுக்காக அன்று. அவர் இயற்பியலைச் செய்முறையில் பயில்கிறார். கணினி வழியே பாடம் நடத்திய நோய்த்தொற்றுக் காலத்தில் (2020, 2021) இந்தியாவின் பல மலையூர்களில் இந்த நிழல், பள்ளிக்கூடம் கிடைப்பதையும் கிடைக்காததையும் தீர்மானித்தது. அலையின் நிழல் எங்கே விழுகிறது என்பது வெறும் இயற்பியற் கணக்கு மட்டுமன்று. அது ஒரு சமூகக் கணக்கும் ஆகும்.

இரண்டாம் படி: பெயரும் பொருளும்

இனி "மலையாளி" என்ற சொல்லுக்குத் திரும்புவோம். ஒலி சரியாக வந்து சேர்ந்தும் பொருள் மாறிவிட்டது. இதைப் பொருள் இரைச்சல் என்று கூறலாம். ஒரு சொல்லின் பொருள் அகராதியில் மட்டும் இருப்பதில்லை. அதைப் பயன்படுத்தும் மக்கள் கூட்டத்தின் பழக்கத்தில் இருக்கிறது. இரண்டு கூட்டத்தார் சந்திக்கும்போது ஒரே சொல் இரண்டாகப் பிரிகிறது.

கொல்லிமலை, சேர்வராயன் மலை, பச்சைமலை, கல்வராயன் மலை, சவ்வாது மலை முதலியவற்றில் மலையாளி மக்கள் வாழ்கின்றனர். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த சகோதரர்கள் என்றும், அவர்கள் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்றும் அவர்களிடையே ஒரு கதை வழங்குகிறது. எட்கர் தர்ஸ்டன் 1909-ஆம் ஆண்டில் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட நூலிலும் இக்கதை பதிவாகியுள்ளது. "இது உண்மையில் நடந்ததா?" என்று வரலாற்று ஆசிரியர் கேட்பார். தகவல் தொடர்பியலார் வேறொரு கேள்வியும் கேட்பார்: "இக்கதையை யார், யாரிடம், எப்போது சொல்கிறார்கள்? சொல்வதால் என்ன கிடைக்கிறது?" தொலைவிலுள்ள மலைகளில் வாழ்பவர்களை, "நாம் ஒரு தாய் வயிற்று மக்கள்" என்று இக்கதை கட்டி வைக்கிறது. "நாங்கள் யார்" என்று ஒரு கூட்டம் தனக்கும் பிறருக்கும் சொல்லிக்கொள்வதையே அடையாளம் என்கிறோம். பேசப் பேசத்தான் அடையாளம் உருவாகிறது. பேச்சு நின்றால் அதுவும் மங்கும்.

அடையாளம் மனத்தளவில் நின்றுவிடுவதில்லை. அது தாளிலும் ஏறுகிறது. 1976-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டத்தின்படி தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்ற பெயர் இருக்கிறது. ஆனால் பெயருடன் ஒரு குறிப்பும் இருக்கிறது: தர்மபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி ஆகிய மாவட்டங்களில் வாழ்பவர் மட்டும். கொல்லிமலை அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது; 1997-இல்தான் நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. எனவே கொல்லிமலை மக்கள் பட்டியலுக்குள் வந்தனர். ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையிலும் மலையாளிகள் வாழ்கின்றனர். அவர்கள் வாழும் பகுதி அப்போது கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. கோயம்புத்தூரின் பெயர் அந்த வரியில் இல்லை. தங்களையும் சேர்க்கும்படி அவர்கள் நெடுங்காலமாகக் கோரி வந்துள்ளனர்.

ஒரு மாணவருக்குச் சாதிச் சான்று கிடைக்குமா, கல்வி உதவித்தொகை கிடைக்குமா, கல்லூரியில் இடம் கிடைக்குமா என்பதெல்லாம் அந்த ஒரு வரியைப் பொறுத்திருக்கிறது. ஒரே பெயர், ஒரே கதை. இடையே ஒரு மாவட்ட எல்லைக் கோடு. சொல்லின் பொருளை ஆராய்வது வெறும் ஏட்டு வேலை என்று இனி நீங்கள் நினைக்கமாட்டீர்கள்.

மூன்றாம் படி: கேட்டவர் செய்வாரா?

செய்தி வந்தது, பொருளும் புரிந்தது. அதன்படி மக்கள் நடப்பார்களா? இக்கேள்விக்கு விடை தேடிய புகழ்பெற்ற ஆய்வு ஒன்று அமெரிக்காவின் ஐயோவா மாநிலக் கல்லூரியில் நடந்தது. பிரைஸ் ரயன், நீல் கிராஸ் என்ற இரு சமூகவியலார் 259 உழவர்களைச் சந்தித்தனர். கலப்பின மக்காச்சோள விதையைப் பற்றி முதலில் எப்போது கேள்விப்பட்டீர்கள், யார் சொன்னார்கள், எப்போது விதைத்தீர்கள் என்று கேட்டனர். 1943-ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று.

புதிய விதை விளைச்சலைக் கூட்டுவது கண்கூடு. ஆயினும் கேள்விப்பட்ட உடனே எவரும் ஓடிப்போய் வாங்கவில்லை. பல ஆண்டுகள் பொறுத்திருந்தனர். விதைத்தவர்களின் தொகையை ஆண்டுவாரியாகக் கூட்டி வரைபடமாக்கினால், தொடக்கத்தில் மெல்ல ஏறி, நடுவில் செங்குத்தாக உயர்ந்து, முடிவில் மீண்டும் தட்டையாகும் ஒரு நெளிகோடு கிடைத்தது. இன்னொரு செய்தியும் தெரிந்தது. பலருக்கு விதையைப் பற்றி முதலில் சொன்னவர் விற்பனையாளர். ஆனால் மனத்தை மாற்றியவர் பெரும்பாலும் பக்கத்து வயல்காரர்.

ஏறத்தாழ அதே காலத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவருடைய குழுவினரும் 1940-ஆம் ஆண்டின் அமெரிக்கத் தேர்தலை ஆராய்ந்தனர். வானொலியும் நாளிதழும் நேராக மக்களின் மனத்தை மாற்றிவிடும் என்று அதுவரை பலர் கருதினர். கண்டதோ வேறு. ஒவ்வோர் ஊரிலும் செய்தியைக் கூர்ந்து கவனிக்கும் சிலர் இருந்தனர். அவர்கள் மற்றவர்களிடம் பேசினர். அந்தப் பேச்சே பலரின் முடிவுக்குக் காரணமாயிற்று. செய்தி இரண்டு படிகளில் ஓடியது. டீக்கடையில் ஒருவர் நாளிதழை உரக்கப் படிக்க, பத்துப்பேர் சூழ்ந்து நின்று விவாதிப்பதைப் பார்த்த நமக்கு இது புதிதன்று.

நம் நாட்டிலும் சோதனைகள் நடந்தன. 1956-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உதவியுடன் அகில இந்திய வானொலி, புனே வட்டாரத்தில் சுமார் 150 கிராமங்களில் வானொலி உழவர் மன்றங்களை அமைத்தது. மன்றத்தார் கூடி நிகழ்ச்சியைக் கேட்பார்கள். பின்பு தமக்குள் விவாதிப்பார்கள். ஐயங்களை நிலையத்துக்கு எழுதுவார்கள். டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் இதன் விளைவை அளந்தது. எப்படி அளந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். மன்றமுள்ள கிராமங்கள், வானொலி இருந்தும் மன்றமில்லாத கிராமங்கள், வானொலியே இல்லாத கிராமங்கள் ஆகியவற்றை ஒப்பிட்டனர். முன்னும் பின்னும் கேள்விகள் கேட்டு அறிவு வளர்ச்சியை மதிப்பிட்டனர். வேதியியல் சோதனையில் ஒரு குழாயில் மட்டும் அமிலத்தை ஊற்றி, மற்றொன்றை ஒப்பிடுவதற்காக வெறுமனே வைப்பீர்களே, அதே முறைதான். மன்றமுள்ள கிராமங்களில் அறிவு மற்றவற்றைவிட மிகுதியாக வளர்ந்திருந்தது. கேட்பது மட்டும் போதாது. கேட்டதைப் பற்றிப் பேசவும் வேண்டும் என்பது உறுதியாயிற்று.

1960-களின் நடுவில் ஆடுதுறை 27 என்ற குறுகிய காலக் குறுவை நெல் தஞ்சை மாவட்டத்தில் பரவியது. இதைப் பற்றித் திருச்சி வானொலி விடாமல் எடுத்துச் சொன்னது. உழவர்கள் அந்நெல்லுக்கு "வானொலி நெல்" என்றே பெயரிட்டுவிட்டனர்! ஒரு செய்தித் தடத்தின் பெயர் ஒரு பயிருக்கு அமைந்தது அரிய நிகழ்ச்சி. எனினும் வானொலி தனியே இதைச் சாதிக்கவில்லை. விதையும் உரமும் கடனும் அதே காலத்தில் கிடைத்தன. அறிவுரை கூற வேளாண் அலுவலர்கள் ஊருக்கு வந்தனர். பக்கத்து வயலில் பயிர் கண்ணுக்குத் தெரிந்தது.

சாமை கற்பித்த பாடம்

இப்போது கொல்லிமலைக்கு வருவோம். சாமை, தினை, கேழ்வரகு, வரகு, பனிவரகு ஆகிய சிறுதானியங்கள் அம்மலையின் பழைய உணவுப் பயிர்கள். சேலம், நாமக்கல் பகுதிகளில் ஜவ்வரிசி, மாவு ஆலைகள் பெருகியபின் மரவள்ளிக் கிழங்குக்கு நல்ல விலை கிடைத்தது. பல சாமைக் கொல்லைகள் மரவள்ளிக் கொல்லைகளாயின. நியாய விலைக் கடையில் அரிசியும் கிடைத்தது. சாமைச் சோறு அடுக்களையிலிருந்து மெல்ல மறைந்தது. மரவள்ளியைப் பயிரிடும்படி எவரும் வீடு வீடாகப் பிரசாரம் செய்ய வேண்டியதில்லை. விற்றுவந்த பணமே பக்கத்து வீட்டாரிடம் பேசியது. ஐயோவாவில் கண்ட அதே நெளிகோடுதான்.

1990-களிலிருந்து எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் சிறுதானியங்களைக் காக்கும் பணியில் ஈடுபட்டது. 2010-களின் முற்பகுதியில் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகமும் அந்நிறுவனத்துடன் சேர்ந்து அங்கு ஆய்வு செய்தது. "சாமை சத்துள்ளது, அதை உண்ணுங்கள்" என்று சொல்வது எளிது. சொன்னால் போதுமா? சற்று எண்ணிப் பாருங்கள். சாமை சத்துள்ளது என்பது அதையே உண்டு வளர்ந்த மலைவாழ் தாய்மார்களுக்குத் தெரியாத செய்தியா? அவர்களிடம் குறைந்திருந்தது செய்தியன்று.

கேழ்வரகில் கடினமான உமி இல்லை, அப்படியே அரைக்கலாம். சாமைக்கு உமி இறுகிப் பிடித்திருக்கும். உரலில் இட்டு உலக்கையால் குத்திப் புடைத்தால்தான் அரிசியாகும். காட்டு வேலை முடித்து வந்த பெண், சோறு ஆக்குமுன் நெடுநேரம் குத்த வேண்டும். நியாய விலைக் கடை அரிசிக்கு அந்த வேலை இல்லை. தடை அங்கேதான் இருந்தது! ஆகவே உமி நீக்கும் சிறு எந்திரங்கள் ஊர்களில் அமைக்கப்பட்டன. விதை வங்கிகள் தொடங்கப்பட்டன. விளைந்ததைப் பதப்படுத்தி விற்கவும் வழி செய்யப்பட்டது. எந்திரம் இல்லாத அறிவுரை மூன்றாம் படியில் வழுக்கி விழும் என்பதைச் சாமை கற்பித்தது.

இதைக் கண்டுபிடித்தது எப்படி? பேசியதால் அன்று; கேட்டதால். செய்தித் தொடர்பில் பெறுபவர் திருப்பிச் சொல்வதை எதிர்ச்செய்தி என்பர். ஒலிபெருக்கிக்குக் காது கிடையாது. நல்ல ஆய்வாளருக்குக் காதுதான் முதற் கருவி.

மலையிலிருந்து கீழே வரும் செய்தி

இதுவரை மேலே ஏறும் செய்தியைப் பற்றியே பேசினோம். மலையிலிருந்து கீழே இறங்கும் செய்தி எது? கொல்லிமலை என்றதும் உங்கள் மனத்தில் என்ன தோன்றுகிறது? வில்லுக்குப் பெயர் பெற்ற வள்ளல் வல்வில் ஓரி. மயக்கிக் கொல்லும் கொல்லிப்பாவை. சித்தர்கள், மூலிகைகள், ஆகாய கங்கை அருவி. சங்க காலத்திலிருந்து இன்று வரை கொல்லிமலையைப் பற்றி ஏராளமாகப் பேசப்பட்டிருக்கிறது. ஆனால் அதில் பைல் நாட்டு உழவர் ஒருவர் தம் வாயால் சொன்னது எவ்வளவு?

அச்சுக்கூடத்தில் ஒரு பக்கத்தின் எழுத்துகளை எல்லாம் சேர்த்து ஒரே உலோகத் தகடாக வார்த்து, அதைக்கொண்டு திரும்பத் திரும்ப அச்சிடுவது உண்டு. அத்தகட்டுக்கு ஸ்டீரியோடைப் என்று பெயர். 1922-ஆம் ஆண்டில் வால்டர் லிப்மன் என்ற பத்திரிகையாளர் இச்சொல்லை மனித மனத்துக்குப் பொருத்தினார். நேரில் காணாத மக்களைப் பற்றி நம் மனத்தில் ஒரு தகடு வார்க்கப்பட்டிருக்கிறது; புதிய மனிதர் வந்தாலும் பழைய படத்தையே அது அச்சிடுகிறது என்றார். மலைவாழ் மக்கள் என்றால் இலையாடை, ஈட்டி, புரியாத பாட்டு என்று சில திரைப்படங்கள் காட்டியது அத்தகைய தகடு. மரவள்ளியின் விலையைக் கணக்கிடும் உழவரையும், உயிரியல் தேர்வுக்குப் படிக்கும் மாணவியையும் அத்தகடு அச்சிடுவதில்லை.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் கெர்ப்னர் 1960-களின் இறுதியிலிருந்து தொலைக்காட்சி நாடகங்களை ஆண்டுதோறும் எண்ணி ஆராய்ந்தார். மிகுதியாகப் பார்ப்பவர்கள், திரையில் காணும் உலகத்தையே உண்மை உலகம் என்று கொள்ளும் போக்குடையவர்கள் என்பது அவர் கண்ட முடிவு. எந்தக் கூட்டத்தார் திரையில் வருவதே இல்லையோ, அவர்கள் பார்ப்பவர் மனத்திலும் இல்லாதவர்போல் ஆகிவிடுகின்றனர்.

இதற்கு ஒரு மருந்து, தாமே பேசும் வாய்ப்பு. 2004-ஆம் ஆண்டில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி தொடங்கியது. 2006-ஆம் ஆண்டிலிருந்து தொண்டு நிறுவனங்களும் இத்தகைய நிலையம் நடத்த அரசு அனுமதித்தது. அதன் அலை நெடுந்தொலைவு போகாது. ஆனால் பேசுபவரும் கேட்பவரும் ஒரே ஊரார்.

நீங்களும் ஆராயலாம்

இத்துறையில் ஆராய்ச்சி செய்ய விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. பழைய நாளிதழ்களும் ஒரு குறிப்பேடும் போதும். இம்முறைக்கு உள்ளடக்கப் பகுப்பாய்வு என்று பெயர்.

1. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஒரு மலையையோ, மீனவர் குப்பத்தையோ, ஒரு தொழிலாளர் கூட்டத்தையோ தேர்ந்தெடுங்கள். பள்ளி நூலகத்திலுள்ள மூன்று மாத நாளிதழ்களில் அவர்களைப் பற்றிய செய்திகளை எல்லாம் திரட்டுங்கள்.

2. எண்ணுவதற்கு முன்பே வகைகளை முடிவு செய்யுங்கள்: சுற்றுலா, விழா, விபத்து, வேளாண்மை, கல்வி, உடல்நலம், பிற. எண்ணத் தொடங்கியபின் வகைகளை உங்கள் விருப்பத்துக்கு மாற்றக் கூடாது.

3. ஒவ்வொரு செய்தியிலும் யார் பேசுகிறார் என்று குறியுங்கள்: அலுவலரா, அரசியல்வாதியா, சுற்றுலாப் பயணியா, அவ்வூராரா?

4. உங்கள் நண்பர் ஒருவர் இதே செய்திகளைத் தனியே வகைப்படுத்தட்டும். நீங்கள் முன்கூட்டிப் பேசிக்கொள்ளக் கூடாது. 30 செய்திகளில் 24 செய்திகளுக்கு இருவரும் ஒரே வகையைக் கொடுத்திருந்தால் ஒற்றுமை 24-ஐ 30-ஆல் வகுக்க 80 விழுக்காடு. ஒற்றுமை மிகக் குறைவாக இருந்தால் உங்கள் வகைகள் தெளிவாக இல்லை என்று பொருள். வகைகளைத் திருத்தி மீண்டும் தொடங்குங்கள். வெப்பமானியைச் சரிபார்க்காமல் வெப்பத்தை அளக்கலாமா?

5. கடைசியில் அவ்வூர் மக்கள் சிலரிடம், "உங்களைப் பற்றி நாளிதழில் எது வரவேண்டும் என்று விரும்புகிறீர்கள்?" என்று கேளுங்கள். முதலில் அவர்களுடைய இசைவைப் பெறுங்கள். அவர்கள் விரும்பாவிட்டால் பெயரை எழுதாதீர்கள். கண்ட முடிவை அவர்களிடமும் சென்று சொல்லுங்கள். இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவற்றிடையே உள்ள இடைவெளிதான் உங்கள் கண்டுபிடிப்பு.

இதை வாசிப்பவர்களில் மலையூர் மாணவர்களும் இருப்பீர்கள். உங்களுக்கு ஒரு வசதி அதிகம். வெளியூர் ஆய்வாளர் மாதக்கணக்கில் தங்கிக் கற்க வேண்டிய சொற்கள் உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே கிடைக்கும். பாட்டி சாமை குத்தும்போது சொல்லும் கதையை எழுதி வையுங்கள். நாளையும் ஊரின் பெயரையும் சேர்த்துக் குறியுங்கள். பைல் நாடு என்றால் என்ன என்று சமவெளி மாணவர் கேட்கும் நாளில், விடை சொல்லும் குரல் உங்களுடையதாக இருக்கட்டும்.

சிந்தித்து விடை காண்க

1. உங்கள் ஊரில் கேட்கும் வானொலி நிலையம் ஒன்றின் அதிர்வெண்ணைக் கண்டறிந்து அலைநீளத்தைக் கணக்கிடுக. அந்த அலை ஒரு குன்றைத் தாண்டி வளைந்து செல்லுமா?

2. "கொதிக்க வைத்த நீரையே பருகுங்கள்" என்ற அறிவிப்பு ஓர் ஊரில் பயன் தரவில்லை. வீவர் கூறிய மூன்று படிகளில் எதில் தடை இருக்கலாம்? மூன்றுக்கும் ஒவ்வொரு காரணம் தருக.

3. புனே சோதனையில் வானொலி இல்லாத கிராமங்களையும் ஏன் ஆராய்ந்தனர்?

4. உங்கள் வட்டாரத்தில் ஒரு பொருளில் வழங்கி, வேறு வட்டாரத்தில் வேறு பொருளில் வழங்கும் ஐந்து சொற்களைத் திரட்டுக.